முன்வரிசையில் யார் உட்காருவது

ஜனவரி 9

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பா போய்விட்டார் என்று பதறாதே. இருக்கிறார். நன்றாக இருக்கிறார் என்று எழுத முடியாது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. போன் போட்டால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் தூக்கிப் போட்டாலும் மீதி உன் வீட்டிலேயே கிடக்கும், என்றைக்காவது எடுத்துப் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு நெஞ்சும் சரியில்லை. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "கோடையைத் தாண்டறது கஷ்டம். மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் பார். நம் சனம் வாழ்கிற இந்த மூன்று தெருவில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்புகிற அத்தனை பேரும் அடுத்து வந்து நிற்பது சாவு வேலை முழுக்க எடுத்துச் செய்கிற நம் சாவுக்கூடத்து வாசலில்தான். "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூடத்துக்கு மேலே இருக்கிற அறையில் அவரைப் படுக்க வைத்திருக்கிறேன். அது பெரிய தப்பு. கீழே நான் செய்கிற ஒவ்வொரு வேலையும் அவருக்குக் கேட்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. தூக்கி வைக்க வேண்டுமாம். பெட்டி மூடி சத்தம் போட்டால் இரண்டு தட்டு. போன வாரம் தையற்காரர் வீட்டு ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது ஏதோ பிடிக்காமல் தட்டிவிட்டார். அத்தனை பேரும் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஒன்று ஆகும்போது நான் முன்வரிசையில் உட்கார வேண்டும். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டு இல்லை. மகளாக. இங்கே வருகிற மற்ற எல்லாருடைய மகள்களும் உட்காருகிறார்களே, அப்படி. அதற்கு வேலையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கழுவ, உடுத்த, கூடத்தை ஒழுங்கு செய்ய, வண்டி ஓட்ட. கூலிக்கு வருகிற ஆள் தூக்கிப் பிடிக்கத்தான் லாயக்கு. முழு வேலையும் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

வா. கோபத்துக்கு ஆறு வருஷம் போதும்.

அக்கா

*

ஜனவரி 21

அக்காவுக்கு,

முழுசாகப் படித்தேன். அப்பா விழுந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் சொல்கிறாய். சரி, போனை வைத்தவன் நான்தானே.

என் பிழைப்பு ஓடுகிறது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். என் வண்டியில் ஏறுகிற ஒருத்தரும் வாயை மூடுவதில்லை. முதல் மாதம் மண்டையைப் பிளந்தது. இப்போது பின்னால் சத்தம் இல்லையென்றால் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். முதலாளி ஒரு நாள், "என்னய்யா இப்படி ஊர்ந்து ஊர்ந்து ஓட்டறே, இதென்ன சாவு வண்டியா?" என்று கேட்டார்.

நீ கேட்டதற்கு என் பதில்: மாட்டேன். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. வேலை செய்ய மாட்டேன்.

அம்மாவின் சாவு வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போனேன். அன்று காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்தில் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா வந்து கோட்டை நீட்டினார். "டிரைவருக்கு இங்க என்ன வேலை? வண்டிக்குப் போ" என்றார். போனேன். டிரைவர் அழக்கூடாது, கண் மறைத்தால் முன்னால் நடக்கிறவர்கள் மேல் ஏற்றிவிடுவான் என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதனால் அழவில்லை. அம்மா என் முதுகுக்குப் பின்னால் பெட்டியில் இருந்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

நம் வீட்டுக்காரர்களுக்கென்று போட்ட முன்வரிசை முழுக்கக் காலி. நினைவிருக்கிறதா? நீ வாசலில். அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. நான் வண்டியில். வந்தவர்களுக்கு யாரிடம் துக்கம் கேட்பது என்று தெரியவில்லை. தபால்காரர் கடைசியில் தேநீர் கொண்டுவந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனும் சரியென்று தலையாட்டினான். உலகத்தில் வேறு எந்தக் குடும்பமாவது இப்படிக் கூத்தடிக்குமா?

அம்மாவுக்கு நான் வேலை செய்தாயிற்று. அப்பாவுக்கு நான் உட்காருகிறேன். நீ வேலையைப் பார். மாற்றி மாற்றித்தானே நியாயம்?

தம்பி

*

பிப்ரவரி 2

தம்பிக்கு,

மாற்றி மாற்றியா? நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

நீ அம்மாவின் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாய். அவளைக் கழுவியது யார்? தலை சீவியது யார்? தொடுவதற்கு முன்னால் கையைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடேற்றிக்கொள்வோமே, அன்று எவ்வளவு நேரம் வைத்தும் என் கை சூடாகவில்லை. நேரமாகிறது என்று அப்பா கதவைத் தட்டினார். சில்லென்ற கையோடுதான் தொட்டேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். சித்தி வந்தாள், அம்மாவின் கூடப்பிறந்தவள், தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு. நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். இடது பக்கம் உட்காருங்கள்." வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சித்தி அழுகையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நீ அடுத்த மாதமே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நான் எங்கே போவது? அம்மாவைப் புதைத்த மறுநாள் பூட்டுக்கடைக்காரரின் மாமியார். அதற்கு மறுநாள் இன்னொருத்தர். இந்த ஆறு வருஷமும் அடுத்தவர் வீட்டு அழுகைக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு நாள் வேண்டும். ஒரே ஒரு நாள் கேட்டால் முறை வைக்கிறாய்.

உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வண்டிக்குப் போ என்று அவர் சொன்ன இடத்தையும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எதுக்கு ரெண்டு பேரும் உக்காரணும்? உக்கார்றதுக்குத்தான் ஊரே இருக்கே. நமக்கு ஒண்ணுன்னா நாம செய்யாம வேற எவன் செய்வான்?" என்றார். எல்லாம் முடிவு செய்துவிட்டார். நான் உடுத்த வேண்டும். நீ ஓட்ட வேண்டும். "அவன் கியர் மாத்தினா உள்ள இருக்கறவங்களுக்கே தெரியாது, அவ்வளவு மெத்துனு மாத்துவான்" என்றார்.

நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

பெட்டிக்குள் இருக்கிறவர்களில் யார் வந்து அவரிடம் சொன்னார்களாம்?

சில்லென்ற கை விஷயம் எனக்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரிவதில்லை, அதுதான் உன்னோடு இருக்கிற வம்பு. அன்று நீ வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு, இவளுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் கருங்கல்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. அந்தக் கோட்டை மறுபடியும் மாட்ட என்னால் முடியாது. நீயும் விடமாட்டாய், நானும் விடமாட்டேன். இரண்டு பேரும் உட்கார வேண்டும் என்றால் ஒரே வழிதான் இருக்கிறது. பக்கத்து ஊரில் சாவுக்கூடம் வைத்திருக்கிறாரே, அந்தக் கையுறையைக் கூப்பிடு. வெள்ளைக் கையுறையும் கண்ணாடி வண்டியுமாக வந்து ஜாம்ஜாமென்று செய்துவிட்டுப் போகட்டும். செத்தவர்களைத் தொட அருவருப்புப்படுகிற பயல் என்று அப்பா அவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே. அவர் கையால்தான் தனக்கு எல்லாம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் அப்பா கோபத்திலேயே எழுந்து நடந்துவிடுவார். டாக்டருக்குச் செலவு மிச்சம்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன், எரிந்து விழாதே. கோட்டைப் பற்றிச் சொன்னது கிண்டல் இல்லை.

தம்பி

*

மார்ச் 6

தம்பிக்கு,

நீ கிண்டலுக்குச் சொன்னாய். நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

கையுறையின் இடம் நம்முடையதைவிடப் பெரியது. தரை முழுக்கக் கம்பளம், நாற்காலியை இழுத்தாலும் சத்தம் வராது. ஜாடியில் துணிப் பூக்கள், மேலே தூசு. அப்பா அனுப்பிச் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தேநீர் கொடுத்தார். கையுறையோடுதான் கோப்பையைப் பிடிக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். "உங்கப்பா சம்மதிச்சுட்டாரா?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்லல."

"அய்யய்யோ. அவரு ஒத்துக்க மாட்டாரும்மா."

"அன்னைக்கு அவரு எழுந்து வந்து தடுக்கவா போறாரு?"

அந்த மனிதர் சிரித்தார். நம் தொழிலில் இருக்கிறவர்கள்தான் அதற்குச் சிரிப்பார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். அவருக்குத் தோலில் ஏதோ வியாதியாம், உடலைக் கழுவ நாம் பயன்படுத்துகிற மருந்து பட்டால் முழங்கை வரைக்கும் கொப்புளம் கிளம்பிவிடுமாம். "உங்கப்பா கிட்ட எத்தனையோ தடவை சொல்லப் பாத்தேன். மனுஷன் பேசவே விட்டதில்ல" என்றார். அப்பா யாரைத்தான் பேசவிட்டார்?

கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூட வந்தார். "எங்கப்பாவுக்கு நான்தான் எல்லாத்தையும் செஞ்சேன். ரொம்ப நேர்த்தின்னு ஊரே பாராட்டுச்சு. இன்னும் நான் அழல. நேரமே கெடைக்கல" என்றார். எப்போது போனார் என்று கேட்டேன். பதினோரு வருஷம் ஆயிற்றாம். "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மறைத்துச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தட்டே இல்லை. வேண்டுமென்றே நாற்காலிகளைக் கரகரவென்று இழுத்துப் பார்த்தேன். பெட்டி மூடியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை, எனக்குப் பயமாகிவிட்டது. மேலே ஓடினேன். முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"கண்ணாடி வண்டியில வச்சு என்னைக் கண்காட்சி மாதிரி இழுத்துட்டுப் போவான். போகட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காந்து ரெண்டு பேரும் என்னதான் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அவரிடம் என்ன சொல்வது? நீ சொல்.

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

நீ செய்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வருகிறேன். உன் பக்கத்தில் உட்காருகிறேன்.

உட்கார்ந்து அழப்போகிறோம் என்று அப்பாவிடம் சொல். வேறென்ன செய்வார்கள்? ஆனால் நானும் யோசித்துப் பார்த்தேன். இத்தனை சாவுகளில் வேலை செய்திருக்கிறேன், முன்வரிசை ஆட்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? மடியிலா? யாராவது வந்து தோளைத் தொட்டால் எழுந்து நிற்க வேண்டுமா, உட்கார்ந்தபடியே இருக்கலாமா? உனக்குத் தெரிந்தால் எழுது. வெள்ளைச் சட்டை போதுமா?

கையுறை சொன்னதைப் படித்துவிட்டு அன்று பஸ்ஸை எடுக்கவே தாமதமாகிவிட்டது. எனக்கும் அதே கதைதான். அம்மாவுக்காக நானும் இன்னும் அழவில்லை. மாலையில் கடைசிக் குழந்தையை இறக்கிவிட்ட பிறகு பஸ்ஸில் நான் தனியாகத்தான் இருப்பேன். இப்போது அழலாமே என்று பார்ப்பேன். வராது. அதற்கென்று ஓர் இடத்தில் உட்கார வைத்து, சுற்றி நாலு பேர் இருந்தால்தான் வரும்போலிருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள். அப்போது முன்னதாகவே வந்து சில நாள் அவரோடு இருக்கிறேன். அதுவரைக்கும் தாங்கச் சொல். ஆறு வருஷம் கழித்து அவர் முகத்தை முதலில் பெட்டிக்குள் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

தம்பி

*

ஏப்ரல் 11

தம்பிக்கு,

நீ வந்தாய். வரவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

அப்பா போன அன்று மாலை போன் போட்டேன். "கெளம்பிட்டேன்" என்றாய். மறுநாள் காலையில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையுறை நமக்கென்று இரண்டு நாற்காலி போட்டு, இரண்டிலும் மடித்த கைக்குட்டை வைத்திருந்தார். கூடம் நிரம்பி வழிந்தது. மூன்று தெருவிலும் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. கூலிக்கு வருகிற ஆள் குனிந்து என் காதில், "தம்பி வந்துட்டாருங்க, பின்வாசல்ல நிக்கிறாரு" என்றான். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் கொல்லையில் நம் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

கையுறை என்னைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். ஆரம்பியுங்கள் என்றேன்.

நீ எங்கே போனாய் என்று எனக்குத் தெரியும். செருப்புத் தைக்கிற கடைக்காரர், நீ போன பிறகு இங்கே குடிவந்தவர், அப்பா போன அன்றே ஆஸ்பத்திரியில் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் போய் எடுத்துக்கொள்கிறோம் என்று நான்தான் அவர் மனைவியிடம் சொல்லியிருந்தேன். சாயங்காலம்! அதற்குள் உனக்கு என்ன அவசரம்? வண்டி திரும்பி வந்ததும் கேட்டது. பின்னறையில் குழாய் திறந்ததும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் கூடத்தில் யார் பேசியதும் என் காதில் ஏறவில்லை.

பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரத் துணியவில்லை. ஊரே பார்த்தது. அம்மாவுக்கு நடந்தது போதாது என்று அப்பாவுக்கும் அதேதானா? எனக்குப் புரிகிறது. நீ உட்கார், நான் அன்றும் டிரைவர், இன்றும் டிரைவர் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அப்பா செத்த அன்றுதான் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டுமா? அவர் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை.

நான் அழவில்லை. கையுறை நன்றாகத்தான் செய்திருந்தார், ஆனால் வகிட்டை இடது பக்கம் எடுத்துவிட்டார். எழுந்து போய் மாற்றிவிடக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

இத்தனை நாள் பேசாமல் இருந்த சித்தியே கூப்பிட்டதால், இடுகாட்டிலிருந்து அவள் வீட்டுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தேன். வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தாய். சாவி ஆணியில் இருந்தது. நீ இல்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இனிமேல் எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பின்வாசல் படியில் ஓர் அம்மா, அந்தச் செருப்புக் கடைக்காரரின் மனைவி, நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இடமில்லையாம், காலையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள் என்று விரட்டியிருக்கிறார்கள். கூடத்தில் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்துவிட்டு மணியை அடிக்கப் பயந்து நின்றிருக்கிறார். இன்னைக்குப் போய் எப்படிக் கேக்கறது என்று என்னிடமே கேட்டார். யாராவது போக வேண்டும். நீயா, நானா? நீ ஏற்கனவே உட்கார்ந்திருந்தாய். கதவிடுக்கில் பார்த்தேன். உன்னை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. நான் இன்னும் உட்காரவில்லை, அதனால் நான் போனேன். இதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அப்பா முகத்தையும் அந்த இடுக்கில்தான் பார்த்தேன். வகிடு தப்புதான்.

கோட்டு என் தோளுக்கு இப்போது இறுக்கமாக இருக்கிறது. அந்தப் பெரியவரை ஊருக்கு வெளியே இருக்கிற புது இடுகாட்டுக்குக் கொண்டுபோனேன். வேலை வழக்கம்போல முடிந்தது, சொல்ல ஒன்றும் இல்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் உனக்காகக் காத்திருக்க முடியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 26

தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன்.

நேற்று செருப்புக் கடைக்காரரின் மனைவி வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். அன்னைக்கு வண்டி ஓட்டிட்டு வந்தாரே, அவரு யாரு?"

"ஏம்மா, ஏதாவது மரியாதையில்லாம நடந்துக்கிட்டானா?"

"சேச்சே. தங்கமான புள்ள. நான் டிரைவர்தாம்மான்னு சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரரைக் கொழந்தையைத் தூக்கற மாதிரி தூக்குச்சு. நான் அதுக்குக் கேக்கல."

பிறகு மெதுவாகச் சொன்னார். புது இடுகாட்டில் அவர் இருந்தார், அவர் சிநேகிதி ஒருத்தி இருந்தாள், கடைப் பக்கத்தில் சாவி செய்கிறவர் இருந்தார். வேறு ஆளில்லை. "ஊரே உங்கப்பாவுக்குப் போயிருந்துச்சு. நான் கொறையாச் சொல்லலம்மா, பெரிய மனுஷன்" என்றார். பெட்டியை இறக்கினார்களாம். வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த டிரைவர் முன்னால் வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம்.

"அப்பா, அப்பான்னு ஒரே அழுகை. நானும் பெத்தவங்களைப் பறிகொடுத்தவதான், அப்படி ஒரு அழுகையைப் பாத்ததில்ல. என் அழுகையை விட்டுட்டு அந்தப் புள்ளையத் தேத்தினேன். தண்ணி கொடுத்தேன். என் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன். நடுவுல அம்மான்னு வேற அழுதுச்சு. நான்தான் உக்காந்திருக்கேனே, என்னையத்தான் கூப்பிடுதோன்னுகூட நெனச்சேன். முதுகைத் தடவிக் கொடுத்துட்டே இருந்தேன்."

அவர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எங்களுக்குப் புள்ள இல்ல. எங்க வீட்டுக்காரரு என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னால வேற ஊருல ரொம்ப காலம் இருந்தாரு. அதைப் பத்திக் கேட்டா வாயே தெறக்க மாட்டாரு. அன்னையிலருந்து எனக்குத் தூக்கமில்ல. அந்தப் புள்ள அவரோட மகனாம்மா? அப்படியிருந்தா எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. சத்தியமா இல்ல. அவரோட ஊசி, உளி, கடைச் சாமான் எல்லாம் யாரு கைக்குப் போறதுன்னு தெரியாம வச்சிருக்கேன். மகனா இருந்தா எனக்கும் ஒருத்தன் இருக்கான்னு ஆகுமே."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். வாடிக்கையாளர் எதிரில் அழக்கூடாது என்று அப்பா அடித்துச் சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அப்பாவுக்கு அழுதேன், அம்மாவுக்கு அழுதேன், வேலை வழக்கம்போல முடிந்தது என்று எழுதினாயே, அதற்கும் அழுதேன். அவர் எழுந்து வந்து என் முதுகையும் தடவிக் கொடுத்தார். இந்த வீட்டில் எல்லாரும் இப்படித்தானா என்று நினைத்திருப்பார்.

தலை நிமிர்ந்த பிறகு சொன்னேன். "இல்லம்மா. அவன் எங்கப்பாவுக்கு அழுதான். கூடத்துல இருந்தாரே, அவரோட மகன். என் தம்பி."

"அப்ப அவங்கப்பாவை விட்டுட்டா எங்க வீட்டுக்காரரைத் தூக்க வந்துச்சு?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

தலையை ஆட்டினார். ஆனால் அவர் முழுசாக நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் குடும்ப மானத்துக்காக மூடி மறைக்கிறேன் என்று சந்தேகம். நம்பாமல் இருக்கத்தான் அவருக்கு ஆசையும். உன் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. பள்ளிக்கூடம் மூடியதும் நேராக இங்கே வா. கோட்டெல்லாம் வேண்டாம், நானும் கழற்றி வைத்துவிடுகிறேன்.

அந்த அம்மாவிடமிருந்து உனக்கு ஒரு கடிதம் வரும். எனக்கு எழுதியதுபோல மொட்டையாக நாலு வரி எழுதாதே. பொறுமையாக, நல்ல வார்த்தையாகப் பதில் எழுது. நீ யாருடைய மகன் என்று உன் கையால் எழுது.

அக்கா